எண்கள் முரண்படும்போது: வகுப்பறை ஆய்வு செய்யும் மொழியாசிரியருக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஒரு மொழிப்பாட வகுப்பில் புதிய கற்பித்தல் முறையொன்றைச் சில வாரங்கள் கையாண்டு, முன்தேர்வும் பின்தேர்வும் நடத்தி, மதிப்பெண்களை விரிதாளில் ஏற்றிக் கணக்கிட்ட பிறகு, வந்த எண் வகுப்பில் கண்டதோடு பொருந்தாமல் நிற்பது அடிக்கடி நேர்வதுதான். அந்த நேரத்தில் பெரும்பாலோர் வேறொரு புள்ளியியல் சோதனையைத் தேடத் தொடங்குகின்றனர். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. கோளாறு இருக்கக்கூடிய இடங்களில் மதிப்பெண் பட்டியல் முதலில் வரும். தேர்வுத்தாளும் விடைத்தாள் திருத்தமும் அடுத்து. யாரை யாரோடு ஒப்பிட்டோம் என்பது அதற்கடுத்து. எந்தச் சோதனை என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். கீழே உள்ள அறிகுறிகளும் ஏறத்தாழ அந்த வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. தமக்குரிய அறிகுறியை நேராகத் தேடிச் செல்பவரும் முதல் இரண்டையாவது ஒருமுறை படித்துவிட்டுச் செல்வது நல்லது.

எதையும் திருத்துவதற்கு முன் மூலப் பட்டியலின் ஒரு படியைத் தனிக் கோப்பாகச் சேமித்து, அதைத் தொடாமல் வைக்க வேண்டும். திருத்தங்கள் எல்லாம் இன்னொரு படியில்தான் நடக்க வேண்டும். எந்தக் கட்டத்தை எதற்காக மாற்றினோம் என்பதை ஒரு வரியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: சராசரி நம்பும்படியாக இல்லை

முதலில் சராசரியை விட்டுவிட்டு, பட்டியலின் மீச்சிறு மதிப்பையும் மீப்பெரு மதிப்பையும், எத்தனை மதிப்பெண்கள் கணக்கில் சேர்ந்துள்ளன என்ற எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 50 மதிப்பெண் தேர்வில் மீப்பெரு மதிப்பு 99 என்று இருந்தால், வராதவர்களைக் குறிக்க யாரோ 99 என்று இட்டிருக்கிறார்கள் என்று பொருள். மீச்சிறு மதிப்பு 0 என்று இருந்தால், அது தேர்வெழுதிச் சுழியம் பெற்றவரா, தேர்வுக்கே வராதவரா என்று விடைத்தாள் கட்டைப் புரட்டித்தான் உறுதிசெய்ய முடியும்.

இதன் பாதிப்பு சிறிதன்று. 30 பேர் கொண்ட வகுப்பில் 27 பேர் தேர்வெழுதி, அவர்களின் சராசரி 32 என்று கொள்வோம். வராத மூவருக்கும் 0 என்று இட்டுவிட்டால் சராசரி 28.8 ஆகிறது; 99 என்று இட்டுவிட்டால் 38.7 ஆகிறது. புதிய முறையின் பயன் என்று நாம் தேடிக்கொண்டிருக்கும் வேறுபாடு பெரும்பாலும் இந்த இடைவெளியைவிடச் சிறியதாகவே இருக்கும். வராதவர்களின் கட்டம் வெறுமையாக இருக்க வேண்டும். வெறுமையான கட்டத்தைச் சராசரிக் கணக்கு தானாகவே விட்டுவிடும்.

எண்ணிக்கை குறைவாக வந்தால் வேறொரு காரணத்தைத் தேட வேண்டும். எண்ணுக்கு முன்னோ பின்னோ இடைவெளி விழுந்திருந்தாலும், சுழியத்திற்குப் பதிலாக ஆங்கில எழுத்து தட்டச்சாகியிருந்தாலும், விரிதாள் அதை எழுத்தாகக் கொண்டு கணக்கிலிருந்து ஓசையின்றி விலக்கிவிடும். அத்தகைய கட்டங்கள் வழக்கமாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். கண்ணால் ஒருமுறை நெடுவரிசையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

அறிகுறி: முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் தொடர்பே இல்லாததுபோல் இருக்கிறது

ஒரே மாணவர்கள் எழுதிய இரு தேர்வுகளுக்கு இடையே ஓரளவேனும் ஒட்டுறவு இருப்பது இயல்பு. முன்தேர்வில் முன்னணியில் இருந்தவர்கள் பின்தேர்விலும் பெரும்பாலும் முன்னணியில்தான் இருப்பார்கள். இந்த ஒட்டுறவை -1 முதல் 1 வரை அளக்கும் ஒட்டுறவுக் கெழு சுழியத்தை ஒட்டி வந்தால், கற்பித்தலில் அதிசயம் நடந்துவிட்டதாக எண்ணாமல், ஒரு நெடுவரிசையை மட்டும் தனியாக வரிசைப்படுத்திவிட்டோமா என்று பார்க்க வேண்டும். பின்தேர்வு மதிப்பெண்களை ஏறுமுகமாக அடுக்கும்போது பெயர்களும் முன்தேர்வு மதிப்பெண்களும் உடன் நகராமல் இருந்துவிட்டால், ஒருவரின் முன்தேர்வுக்கு எதிரே இன்னொருவரின் பின்தேர்வு வந்து நிற்கும். சராசரியோ, மதிப்பெண்கள் அதிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்று காட்டும் திட்ட விலக்கமோ இம்மியும் மாறாது என்பதால், இந்தப் பிழை வேறெந்த வழியிலும் வெளியே தெரியாது. இணைத் தரவை, அதாவது ஒரே மாணவரின் இரு மதிப்பெண்களை, வைத்துச் சோதனை செய்வதற்கு முன் இந்த ஒட்டுறவை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

இரு தேர்வுகளையும் எழுதியவர்களை மட்டுமே இணை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. இடையில் நின்றவர்கள் யார், அவர்களின் முன்தேர்வு நிலை என்ன என்பதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். பின்தங்கியவர்களே பெரும்பாலும் நின்றிருந்தால் பின்தேர்வுச் சராசரி தானாகவே ஏறிவிடும்.

அறிகுறி: சராசரி சொல்வதைப் போன்ற மாணவர் ஒருவரும் வகுப்பில் இல்லை

12, 13, 14, 14, 15, 36, 37, 38, 38, 40 என்ற பத்து மதிப்பெண்களின் சராசரி 25.7, வரிசையின் நடுவே நிற்கும் மதிப்பான இடைநிலை 25.5. இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்வதுபோல் தோன்றினாலும், 25-க்கு அருகே ஒருவர்கூட இல்லை. இது இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் அமர்ந்திருக்கும் நிலை. வீட்டில் அம்மொழியைப் பேசுவோரும் பள்ளியில் மட்டுமே அதைக் கேட்போரும் கலந்திருக்கும் மொழி வகுப்புகளில் இப்படிப்பட்ட இரட்டை முகட்டுப் பரவல் வருவதில் வியப்பில்லை. இந்நிலையில் ஒற்றைச் சராசரியை வைத்து எந்தச் சோதனை செய்தாலும் விடை பொருளற்றதாகவே இருக்கும். இரு பிரிவினரையும் தனித்தனியே விவரிப்பதுதான் நேர்மையான வழி.

இதைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் எதுவும் வேண்டாம். எந்த மதிப்பெண் அளவில் எத்தனை பேர் என்று காட்டும் ஒரு நிகழ்வெண் செவ்வகப்படம் போதும். 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர், சராசரி, பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்), ஒட்டுறவு ஆகியவை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் நான்கு தரவுத் தொகுப்புகளை உருவாக்கி, படமாக வரைந்தால் அவை நான்கும் முற்றிலும் வெவ்வேறாக இருப்பதைக் காட்டினார். படம் வரையாமல் கணக்கிடத் தொடங்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை.

படத்தில் பெரும்பாலோர் வலப்புற விளிம்பில் குவிந்திருந்தால் சிக்கல் தேர்வுத்தாளில் உள்ளது. முன்தேர்விலேயே பலர் 50-க்கு 46, 47 என்று பெற்றிருந்தால் அவர்கள் உயர்வதற்கு இடமில்லை. எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் பின்தேர்வு அதைக் காட்டாது. இதற்குக் கணக்கில் மருந்து இல்லை. கடினத்தன்மை கூடிய வினாக்களைச் சேர்த்து அடுத்த சுற்றில் அளப்பதே வழி.

அறிகுறி: பின்தங்கிய மாணவர்கள் தெளிவாக முன்னேறியுள்ளனர், ஆனால் ஆய்வைப் படித்தவர் ஏற்க மறுக்கிறார்

மறுப்பவர் பெரும்பாலும் சரியாகவே மறுக்கிறார் என்பதால், இந்த அறிகுறியைச் சற்று நின்று பார்க்க வேண்டியுள்ளது.

முன்தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, சிறப்புப் பயிற்சி கொடுத்து, மீண்டும் தேர்வு வைத்தால் அவர்களின் சராசரி ஏறும். பயிற்சியே கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஓரளவு ஏறியிருக்கும். எந்த மதிப்பெண்ணிலும் உண்மையான திறனோடு அன்றைய தற்செயலும் கலந்திருக்கிறது: காய்ச்சல், படிக்காத பகுதியிலிருந்து வந்த வினா, ஊகித்து எழுதி அமையாமல் போன விடை. மிகக் குறைந்த மதிப்பெண் என்ற அளவுகோலால் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, திறன் குறைந்தவர்களோடு அன்று வாய்ப்புக் கெட்டவர்களையும் சேர்த்தே எடுக்கிறோம். அடுத்த தேர்வில் அந்த வாய்ப்புக்கேடு அதே ஆட்களைத் தேடி வருவதில்லை. இதே காரணத்தால் முதல் பத்து இடங்களைப் பெற்றவர்களின் சராசரி அடுத்த தேர்வில் சற்று இறங்கும். அதை யாரும் கற்பித்தலின் தீமை என்று எழுதுவதில்லை என்பதுதான் வேடிக்கை. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கித் திரும்புவதைக் கொண்டு பிரான்சிஸ் கால்டன் 1886-இல் இதை விளக்கினார்.

எவ்வளவு ஏறும் என்பதை ஓரளவு கணிக்கவும் முடியும். இரு தேர்வுகளின் சராசரியும் திட்ட விலக்கமும் ஒன்றாகவே இருந்து, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.7 என்று வைத்துக்கொள்வோம். வகுப்புச் சராசரி 30. தேர்ந்தெடுத்த பத்துப் பேரின் சராசரி 18. அதாவது 12 மதிப்பெண் கீழே. அடுத்த தேர்வில் அவர்கள் சராசரிக்குக் கீழே 12-இல் 0.7 பங்கு, அதாவது 8.4 மதிப்பெண் தொலைவில்தான் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். 18 என்பது ஒன்றும் செய்யாமலே 21.6 ஆகிவிடும். சிறப்புப் பயிற்சிக்குப் பின் 22 என்று வந்தால், அந்த 4 மதிப்பெண் உயர்வில் 3.6 பயிற்சியின் கணக்கில் சேராது.

நீக்கும் வழிகள் மூன்று உண்டு. முதலாவது மட்டுமே முழுமையானது. அதே அளவு பின்தங்கியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இப்போதும் மறுபாதிக்கு அடுத்த சுற்றிலும் பயிற்சி தந்து, முதல் சுற்றின் முடிவில் இரு பாதிகளையும் ஒப்பிடலாம். எவருக்கும் பயிற்சி மறுக்கப்படுவதில்லை என்பதால் அறம் சார்ந்த தடையும் குறைகிறது. அது இயலாதபோது, ஒரு தேர்வால் மாணவரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சிக்கு முன் இன்னொரு தேர்வை நடத்தி, அந்த இரண்டாம் தேர்வையே தொடக்க நிலையாகக் கொள்ளலாம். ஆய்வு ஏற்கெனவே முடிந்துவிட்டதென்றால், மேலே காட்டிய கணக்கைப் போட்டு, எதிர்பார்க்கத்தக்க உயர்வையும் கிடைத்த உயர்வையும் அறிக்கையில் அருகருகே வைத்துவிடலாம்.

அறிகுறி: ஒரே தரவுக்கு ஒருமுறை குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டென்றும், மறுமுறை இல்லையென்றும் வருகிறது

இணைத் தரவைச் சார்பற்ற இரு குழுக்களாகக் கருதிச் சோதித்திருப்பதே இதற்கு வழக்கமான காரணம். எட்டு மாணவர்களின் முன்தேர்வு மதிப்பெண்கள் 12, 18, 22, 25, 29, 33, 37, 40 என்றும், பின்தேர்வு மதிப்பெண்கள் அதே வரிசையில் 14, 21, 23, 29, 31, 36, 37, 41 என்றும் இருக்கட்டும். சராசரி 27-இலிருந்து 29 ஆகியுள்ளது. இவற்றை இரு வேறு குழுக்களாகக் கொண்டால் டி-மதிப்பு (தற்செயல் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட வேறுபாடு எத்தனை மடங்கு என்பது) 0.43, பி-மதிப்பு (வேறுபாடே இல்லாதிருந்தால் இவ்வளவோ இதைவிடக் கூடுதலாகவோ வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு; 0.05-க்குக் கீழ் வந்தால் குறிப்பிடத்தக்கது என்பது வழக்கம்) 0.6-க்கும் மேல். ஒவ்வொருவரின் உயர்வையும் தனித்தனியே எடுத்தால் 2, 3, 1, 4, 2, 3, 0, 1 என்று வருகிறது. இவற்றின் சராசரி 2, திட்ட விலக்கம் 1.31, அதை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த திட்டப் பிழை 0.46. இப்போது டி-மதிப்பு 4.32, பி-மதிப்பு 0.01-க்கும் கீழ். மாணவர்களுக்கிடையே உள்ள பெரிய ஏற்றத்தாழ்வு முதல் கணக்கில் சிறிய உயர்வை மறைத்துவிடுகிறது. இரண்டாவதில் ஒவ்வொருவரும் தம்மோடே ஒப்பிடப்படுவதால் அந்த ஏற்றத்தாழ்வு விலகிவிடுகிறது.

எக்செலின் டி-சோதனைச் செயற்கூற்றில் கடைசியாக இடும் எண்தான் இதைத் தீர்மானிக்கிறது. 1 என்றால் இணைத் தரவு. 2 என்றால் பரவற்படி சமமான இரு குழுக்கள். 3 என்றால் பரவற்படி சமமற்ற இரு குழுக்கள். ஒரே மாணவரின் இரு மதிப்பெண்கள் என்றால் 1, வெவ்வேறு மாணவர்கள் என்றால் 3 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அதற்கு முந்தைய எண், ஒரு திசை வேறுபாட்டை மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனையா, இரு திசையையும் பார்க்கும் இருமுனைச் சோதனையா என்பதைக் குறிக்கும். ஒருமுனை என்று மாற்றினால் பி-மதிப்பு பாதியாகும் என்பதால், 0.08 வந்த பிறகு அதை மாற்றி 0.04 ஆக்கும் ஆசை எழும். தரவைப் பார்ப்பதற்கு முன் எடுக்காத முடிவைத் தரவைப் பார்த்த பின் எடுக்கக் கூடாது.

எட்டுப் பேர் என்பது சிறு எண்ணிக்கைதானே என்று தயங்க வேண்டியதில்லை. டி-சோதனையே சிறு மாதிரிகளுக்காகப் பிறந்தது. கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், கையில் கிடைத்த சில அளவீடுகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்த சூழலில் அதை உருவாக்கி 1908-இல் வெளியிட்டார். மதிப்பெண்களின் பரவல் மிகவும் சரிந்தோ, ஓரிரு மதிப்புகள் தனித்துத் துருத்திக்கொண்டோ இருந்தால், தர வரிசையை மட்டும் கணக்கில் கொள்ளும் வில்காக்சன் சோதனையையோ மான்–விட்னி சோதனையையோ நாடலாம். முன்னது இணைத் தரவுக்கு, பின்னது இரு குழுக்களுக்கு.

அறிகுறி: பி-மதிப்பு 0.14, ஆய்வு தோற்றுவிட்டதாகத் தோன்றுகிறது

0.05-க்கு மேல் வந்தால் வேறுபாடே இல்லை என்று மெய்ப்பிக்கப்பட்டதாக எழுதுவது, கல்வியியல் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்பக் காணும் தவறு. வேறுபாடு இருந்திருந்தாலும் இத்தனை சிறிய மாதிரியில் அது தெரிந்திருக்குமா என்ற கேள்வி அங்கே விடுபட்டுப் போகிறது. இரு குழுக்களின் சராசரி வேறுபாடு திட்ட விலக்கத்தில் பாதி அளவு இருக்கும்போது, ஐந்தில் நான்கு முறையாவது அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், இருமுனைச் சோதனையில் 0.05 என்ற எல்லைக்குக் குழு ஒன்றுக்கு 64 பேர் தேவை. வேறுபாடு திட்ட விலக்கத்தில் 0.8 பங்கு என்றால் 26 பேர் போதும். குழுவுக்கு 18 பேரை வைத்து நடுத்தர விளைவொன்றைத் தேடியவருக்கு 0.14 கிடைத்தால், கற்பித்தல் முறையைக் குறை சொல்வதற்கில்லை.

எனவே பி-மதிப்போடு நின்றுவிடாமல் விளைவளவையும், உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய எல்லைகளைத் தரும் நம்பிக்கை இடைவெளியையும் கணக்கிட வேண்டும். இரு சராசரிகளின் வேறுபாட்டை இரு குழுக்களுக்கும் பொதுவான திட்ட விலக்கத்தால் வகுத்தால் கோஹனின் டி என்ற விளைவளவு கிடைக்கும். ஜேக்கப் கோஹன் 0.2, 0.5, 0.8 ஆகியவற்றைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பொதுவாக வகுத்தார். இரண்டாம் மொழி கற்றல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிளான்ஸ்கியும் ஆஸ்வால்டும் 2014-இல், இத்துறையில் குழுக்களுக்கிடையிலான ஒப்பீட்டுக்கு 0.4, 0.7, 1.0 என்பனவே பொருத்தமான எல்லைகள் என்று முன்வைத்தனர். மொழியாசிரியர் கோஹனின் எல்லைகளை மட்டும் மேற்கோள் காட்டினால் தம் விளைவைப் பெரிதுபடுத்திக் காட்டிவிடக்கூடும்.

செய்யவே கூடாத திருத்தம் ஒன்று உண்டு. குறிப்பிடத்தக்க வேறுபாடு வரும்வரை சிறிது சிறிதாக மாணவரைச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சோதித்துக்கொண்டே போவது, பொய்யான வெற்றிக்கான வாய்ப்பை 5 விழுக்காட்டைவிட மிக உயர்த்திவிடும்.

அறிகுறி: நிறையச் சோதனைகளில் ஒன்றிரண்டு மட்டும் வெற்றி பெற்றுள்ளன

சொல்வளம், எழுத்துப்பிழை, வாசிப்பு வேகம், கேட்டல் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் ஆண், பெண், முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று மீண்டும் பிரித்துச் சோதித்தால் எளிதாக இருபது சோதனைகள் ஆகிவிடும். உண்மையில் எங்குமே வேறுபாடு இல்லாதபோதும், ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளில் ஒன்றாவது 0.05-க்குக் கீழ் வருவதற்கான வாய்ப்பு 64 விழுக்காடு. ஆய்வின் மையக் கேள்வி எது என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அதை மட்டும் முடிவாகவும் மற்றவற்றை மேலும் ஆராய வேண்டிய குறிப்புகளாகவும் தருவது முறை. அனைத்தையும் முடிவாகத் தர வேண்டுமென்றால் 0.05 என்ற எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் போன்ஃபெரோனி திருத்தத்தைக் கையாளலாம். இருபது சோதனைகளுக்கு எல்லை 0.0025 ஆகும். நடத்திய சோதனைகள் எல்லாவற்றையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

அறிகுறி: இரு ஆசிரியர்கள் திருத்திய கட்டுரை மதிப்பெண்கள் ஒத்துப்போவதாகக் கணக்கு சொல்கிறது, விடைத்தாள்களோ வேறு சொல்கின்றன

ஒட்டுறவுக் கெழுவை ஒப்புதலின் அளவாகக் கொண்டதால் இந்த முரண் எழுகிறது. ஒருவர் எப்போதும் மற்றவரைவிட 5 மதிப்பெண் குறைத்தே இட்டாலும் ஒட்டுறவு சரியாக 1 என்று வரும். இருவரின் மதிப்பெண்களும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்பதை மட்டுமே அது அளக்கிறது. இரு திருத்துநரின் சராசரிகளையும், ஒவ்வொரு தாளிலும் உள்ள மதிப்பெண் வேறுபாட்டையும் தனியே பார்த்தால் இது உடனே வெளிப்படும்.

தேர்ச்சி, தோல்வி என்று வகைப்படுத்தும்போது விழுக்காடு ஏமாற்றும். 40 கட்டுரைகளில் இருவரும் தேர்ச்சி என்றவை 32, இருவரும் தோல்வி என்றவை 2, ஒவ்வொருவரும் தனியாகத் தோல்வி என்றவை மும்மூன்று. ஒப்புதல் 85 விழுக்காடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் இருவரும் 35 கட்டுரைகளுக்குத் தேர்ச்சி தந்துள்ளதால், கட்டுரையைப் படிக்காமல் அதே விகிதத்தில் கண்மூடி இட்டிருந்தாலும் 78 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும். இந்தத் தற்செயல் ஒப்புதலைக் கழித்துக் கணக்கிடும் கப்பா என்ற அளவை இதே கோஹன் 1960-இல் தந்தார். இங்கே அது 0.31 மட்டுமே. தோல்வி என்ற முடிவில் இருவரும் ஏறத்தாழ உடன்படவே இல்லை என்பதை அது காட்டுகிறது. மதிப்பீட்டுக் குறிப்பை இருவரும் அமர்ந்து பேசித் தெளிவாக்கி, சில தாள்களைச் சேர்ந்து திருத்திய பிறகு மீண்டும் தனித்தனியே திருத்துவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

அறிகுறி: கருத்துப் படிவத்தின் நம்பகத்தன்மைக் கெழு எதிர்க்குறியில் வருகிறது

படிவத்தின் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை அளக்கும் குரோன்பாக்கின் ஆல்ஃபா எதிர்க்குறியில் வந்தால், பெரும்பாலும் எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பு திருப்பப்படாமல் விடப்பட்டுள்ளது. "இம்மொழியில் பேச விரும்புகிறேன்" என்பதற்கு 5 இட்டவர் "இம்மொழியில் பேசத் தயங்குகிறேன்" என்பதற்கு 1 இடுவார். ஐந்து புள்ளி அளவுகோலில் இரண்டாவதன் மதிப்பை 6-இலிருந்து கழித்துவிட்டுக் கணக்கிட்டால் சரியாகிவிடும்.

அறிகுறி: பிழைகளை எண்ணியபோது மிகப் பெரிய வேறுபாடு வந்தது

மொழி வகுப்பு ஆய்வுக்கே உரிய சிக்கல் இது. மாணவர் கட்டுரைகளிலிருந்து எழுவாய்–பயனிலை இயைபுப் பிழைகளை எண்ணி, முதல் பிரிவில் இத்தனை, இரண்டாம் பிரிவில் இத்தனை என்று, எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனையில் இடும்போது மூன்று இடங்களில் தடுமாற்றம் நேர்கிறது.

முதலாவது, கட்டுரையின் நீளம். 80 சொற்களில் 8 பிழை செய்தவர் நூறு சொல்லுக்கு 10 பிழை செய்கிறார். 240 சொற்களில் 12 பிழை செய்தவர் நூறு சொல்லுக்கு 5 பிழையே செய்கிறார். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் துணிந்து நிறைய எழுதுபவர் தண்டிக்கப்படுகிறார்.

இரண்டாவது, சார்பின்மை. 15 மாணவரின் 240 பிழைகள் என்பவை 240 தனித்தனிச் சான்றுகள் ஆகா. ஒருவரே அதே பிழையை நாற்பது முறை செய்திருக்கலாம். கை-வர்க்கச் சோதனை ஒவ்வொரு எண்ணிக்கையும் மற்றதைச் சாராதது என்ற அடிப்படையில் நிற்பதால், அதை இங்கே பயன்படுத்தவே கூடாது. ஒவ்வொரு மாணவருக்கும் நூறு சொல்லுக்கான பிழை வீதம் ஒன்றைக் கணக்கிட்டு, அந்த 15 எண்களை ஒப்பிடுவதே முறை.

மூன்றாவது, விழுக்காட்டைக் கட்டங்களில் இடுவது. ஒரு பிரிவில் 20 பேரில் 12 பேரும், மற்றதில் 20 பேரில் 8 பேரும் சரியாக எழுதினர் என்றால், உண்மையான எண்ணிக்கைகளை இட்டால் கை-வர்க்க மதிப்பு 1.6; விழுக்காடுகளாக 60, 40 என்று இட்டால் அது 8 ஆகிவிடுகிறது. 0.05-க்குரிய எல்லை 3.84 என்பதால், இல்லாத வேறுபாடு இருப்பதாக முடிவு மாறிப்போகிறது.

அறிகுறி: இரு வகுப்புகளை ஒப்பிட்டு நல்ல முடிவு வந்தும், அது முறையின் பயன்தானா என்று சொல்ல முடியவில்லை

ஒரு வகுப்பில் புதிய முறை, மறு வகுப்பில் பழைய முறை என்றால், முறையின் வேறுபாடும் வகுப்பின் வேறுபாடும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. ஆசிரியர், பாடவேளை, வகுப்பின் இயல்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். எந்தச் சோதனையாலும் பின்னர் அவற்றைப் பிரித்தெடுக்க இயலாது என்பதை ஒப்புக்கொண்டு எழுதுவதுதான் சரி.

ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், தலைகளின் எண்ணிக்கையும் மெய்யான மாதிரி அளவாகாது. மதிப்பெண் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு வகுப்பைச் சார்ந்தது என்று கொண்டால், 30 பேர் கொண்ட இரு வகுப்புகளின் 60 மாணவர்கள், ஒன்றையொன்று சாராத சுமார் 15 மாணவர்களுக்கே ஈடாவர். அடுத்த சுற்றில் முறைகளை மாற்றி, பழைய முறையில் கற்ற வகுப்புக்குப் புதிய முறையையும் புதிய முறையில் கற்ற வகுப்புக்குப் பழைய முறையையும் வேறொரு பாடப்பகுதியில் கையாண்டால், வகுப்பின் இயல்பு இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்படும். கூடுதல் ஆட்களைச் சேர்க்க இயலாத பள்ளிக்கு இதுவே எளிதில் கைகூடும் மாற்று.

அறிகுறி: கணக்கு சரி, அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது

பி-மதிப்பு 0.000 என்று மென்பொருள் காட்டுவதை அப்படியே படியெடுத்திருந்தால், 0.001-க்கும் குறைவு என்று திருத்த வேண்டும். அது சுழியம் ஆவதில்லை. "எங்கள் கருதுகோள் 97 விழுக்காடு உண்மை" என்பதுபோல் பி-மதிப்பு 0.03-ஐ விளக்கியிருந்தால் அவ்வரியை நீக்க வேண்டும். கருதுகோள் உண்மையாக இருப்பதன் வாய்ப்பைப் பி-மதிப்பு அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே தெளிவாகச் சொல்லியுள்ளது. வேறுபாடே இல்லாதிருந்தால் இவ்வளவோ இதைவிடக் கூடுதலாகவோ வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு 0.03 என்பதே அதன் பொருள். ஒவ்வொரு குழுவுக்கும் எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம் ஆகிய மூன்றையும் தந்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். இவை இருந்தால் படிப்பவர் விளைவளவைத் தாமே கணக்கிட்டுக்கொள்ள முடியும். 28 பேர் முழு எண்களில் பெற்ற மதிப்பெண்களின் சராசரியை 31.4286 என்று நான்கு தசம இடங்களுக்கு எழுதியிருந்தால், 31.4 என்று சுருக்கிவிடலாம்.